மைக்ரேஷனுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

கொழிஞ்சாம்பாறை, கம்ப்யூட்டர் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு லீவுல தரவுத்தள (டேட்டாபேஸ்) வகுப்பு எடுக்கறேன், நோட்ஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். போன வருசம் வரைக்கும் பிஎச்பிமைஅட்மின்ங்கற தரவுத்தளக் கருவியைத் தொறந்து, கிளிக் பண்ணி, டேபிள்ல ஒரு காலம் (column, நெடுக்கு வரிசை) சேர்க்கறதுதான் பாடம். சுலபந்தான், ஆனா ஒரு பையன் சேர்த்தது பக்கத்துப் பிள்ளை மெசின்ல இருக்காது, யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்னு ஒரு எழுத்தும் மிஞ்சாது. இப்ப வேலைக்குப் போன என் பழைய பசங்க பிஜிஅட்மின், டிபீவர்னு அதே மாதிரி கருவியெல்லாம் வெச்சிருக்காங்க, ஆனா அதுல பாக்கறதோட சரி, மாத்தறது என்ன மாத்தணும்னு ஒரு கோப்பு எழுதி அதை ஓட்டித்தான், அதுக்குப் பேருதான் மைக்ரேஷன். வெப்சைட் கட்டற ஜாங்கோ கருவியில 2014லயே 1.7 பதிப்போட இதைச் சேர்த்தே குடுத்துட்டாங்க. அந்த மைக்ரேஷனுக்கு 'இடப்பெயர்வு'ன்னு எழுதி வெச்சேன். "டேட்டா எங்க போகுது டீச்சர்?"னு ஒரு பொண்ணு கேட்டா. எங்கயும் போகலயே!

பொள்ளாச்சி, டெவலப்பர்:
அந்தப் பொண்ணு கேட்டது ரொம்ப சரிங்க டீச்சர். மைஎஸ்க்யூஎல்ங்கற தரவுத்தள மென்பொருள்ல இருந்து போஸ்ட்கிரெஸ்ங்கற இன்னொண்ணுக்கு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போறோமே, அதுதான் இடப்பெயர்வு. அதைத் தொடாதீங்க, பின்னாடி வேணும். இதுல மாறுறது டேபிளோட அமைப்பு மட்டுந்தான். 'வலசை' எப்படி? பறவைக்குச் சொல்றது, கேக்க நல்லாருக்கு.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, வலசையும் இடம் மாறுறதுதானே, அதே குறைதான். 'பெயர்' பக்கமே போகவேண்டாம். பட்டினப்பாலையில 'புலம்பெயர் மாக்கள்'னு வருது, பெயர்தல்னாலே இருந்த மண்ணை விட்டு நகர்றது. அதுலயும் ஃபீல்டுக்கு நீங்க 'புலம்'னு வெச்சிருக்கீங்க, புலம்பெயர்னு எழுதினா ஃபீல்டோட பேரா, ஃபீல்டு நகர்ந்ததா, ஊரைவிட்டுப் போன சனமான்னு மூணு பொருள் படும்.

நான் சொல்றது வேற. டேபிள்ல என்ன பண்றீங்க? ஒண்ணு புதுசாச் சேர்க்கறீங்க, ஒண்ணை மாத்தறீங்க, ஒண்ணை நீக்கறீங்க. தோன்றல், திரிதல், கெடுதல்! நன்னூல் இந்த மூணையும் சேர்த்து விகாரம்னுதான் சொல்லுது. பிள்ளைங்க புணர்ச்சி பாடத்துல ஏற்கெனவே படிச்சதுதான், புதுசா எதுவும் செய்யவேண்டியதில்ல. 'விகாரம்'னே வைங்க.

வேலந்தாவளம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இலக்கணம் அப்படியே பொருந்துது, நான் படிச்சிட்டு ரெண்டு நிமிசம் அப்படியே உக்காந்திருந்தேன். ஆனா எல்லைக்கு இந்தப் பக்கம், நம்ம கேரளாவுல, இது நடக்காதுங்க. மலையாளத்துல விகாரம்னா உணர்ச்சி. எங்க பிள்ளைங்க வீட்ல தமிழ், பஸ்ல மலையாளம், 'தரவுத்தள விகாரம்'னு படிச்சா டேட்டாபேஸுக்கு அழுகை வருதான்னு கேப்பாங்க. தமிழ்லயும் இன்னைக்கு விகாரம்னா அசிங்கம்னுதான் அர்த்தம். அதோட அது வடசொல்.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வடசொல்லாவே இருக்கட்டும், 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வட எழுத்தை விட்டுட்டு, எடுத்துக்கோன்னு தொல்காப்பியமே வழி விட்டிருக்கு. வேண்டாம்னா 'திரிபு' வைங்க, தனித்தமிழ்.

பொள்ளாச்சி, டெவலப்பர்:
ஐயா மன்னிக்கணும், தரவுத்தளத்துல திரிபுன்னு எழுதினா எவனோ கணக்கைத் திருத்திட்டான்னு அர்த்தமாயிடும். ஆனா 'கெடுதல்' எனக்கு வேணும். காலத்தை நீக்கினப்புறம் ரிவர்ஸ் அடிச்சா காலி காலம்தான் திரும்ப வரும், உள்ள இருந்த டேட்டா வராது. கெட்டது கெட்டதுதான்னு பிள்ளைங்க மனசுல நிக்கும். இன்னொண்ணு, போஸ்ட்கிரெஸ்ல பொதுவா பாதியில தப்பானா அந்தக் கோப்பு செஞ்சதெல்லாம் ஒண்ணா ரத்தாகும், மைஎஸ்க்யூஎல்ல அதுவரைக்கும் மாறுனது மாறுனபடியே நிக்கும். அதனால கோப்புக்கு வரிசையா 0001, 0002ன்னு நம்பர் போட்டு ஒவ்வொரு அடியும் தெரியணும். 'மாற்றப்படி'ன்னா? படி ஏறுறமாதிரி.

வேலந்தாவளம், மொழிபெயர்ப்பாளர்:
படின்னா நகல்னும் அர்த்தம் இருக்கே, பேக்கப்னு நினைச்சுக்குவாங்க. நேரா 'மாற்றக்கோப்பு'ன்னு வைங்க டீச்சர். மலையாளத்துலயும் மாற்றம் மாற்றந்தான், பிள்ளைங்க தடுமாறாது.

கொழிஞ்சாம்பாறை, கம்ப்யூட்டர் டீச்சர்:
நேரமில்லைங்க, 'மாற்றக்கோப்பு'ன்னே போடறேன், மொதல் பக்கத்துல மட்டும் மைக்ரேஷன்னும் சேர்த்து எழுதிக்கறேன்.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
போடுங்கம்மா. எனக்குச் சம்மதமில்ல, கோப்புங்கறது அதை எழுதி வெக்கற இடம், நடக்கற காரியத்துக்கு இன்னும் பேரே வெக்கலயே. ஆனா மூணு வகையைச் சொல்லித்தர்றப்ப தோன்றல், திரிதல், கெடுதல்னு போர்டுல எழுதுங்க, அதையாவது விட்றாதீங்க.

கொழிஞ்சாம்பாறை, கம்ப்யூட்டர் டீச்சர்:
கண்டிப்பா எழுதறேனுங்க ஐயா. இப்ப இன்னொண்ணு மாட்டிக்கிச்சு. 'காலம் சேர்'னு எழுதினா பிள்ளைங்க நேரம்னு படிக்குது. கணக்குப் பாடத்துல அதுக்கு நிரல், ஆனா ப்ரோகிராமுக்கும் நிரல்னு நாமதான் பத்துப் பக்கம் முன்னாடி எழுதியிருக்கோம். 'நிரல் வழியா நிரல் சேர்த்தல்'னு ஒரு தலைப்பு நிக்குது. இதை என்ன பண்ண?