ரன்னரில் பில்ட் பண்ணினால் மட்டும் வெர்ஷன் கோட் 1 ஆகவே வருகிறது, ஏன்?

கல்லடி_லெப்டொப்

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் சின்ன டீம் நாங்கள். அம்பாறைப் பக்கம் நெல் வாங்கும் ஆலைக்காரர்களுக்கு ஒரு ஆண்ட்ராய்ட் ஆப் செய்து கொடுத்திருக்கிறோம், மூட்டை, நிறை, ஈரப்பதம் எல்லாவற்றையும் வயலடியிலேயே பதிந்து துண்டு கொடுக்கிற ஆப். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் எவ்வளவு கழிப்பது என்ற கணக்கை இந்தப் போகத்துக்கு மாற்றித் தரச் சொன்னார்கள், மாற்றியும் ஆயிற்று. ஆனால் அந்த வெர்ஷனை ப்ளே ஸ்டோரில் ஏற்ற முடியாமல் நிற்கிறோம். வெள்ளாமை வெட்டுத் தொடங்குமுன் ஆட்களின் ஃபோனுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் அவசரம்.

முன்பு எங்களில் ஒருவர் தன் லெப்டொப்பில் பில்ட் பண்ணி ஏற்றுவார். இப்போது கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு மாற்றியிருக்கிறோம், அதாவது ரன்னர் என்கிற வேறொரு மெஷின் தானாக பில்ட் பண்ணும். வெர்ஷனைக் கையால் எழுதுவதில்லை, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட்டைக் கேட்டு எடுக்கிறது. வெர்ஷன் கோட் (ப்ளே ஸ்டோர் பார்க்கிற எண்) வருவது, கொமிட்களை (பதிந்த மாற்றங்களை) எண்ணுகிற இதிலிருந்து:

கிட் ரெவ்-லிஸ்ட் --கவுண்ட் ஹெட்

வெர்ஷன் நேம் (ஆட்கள் பார்க்கிற பெயர்) வருவது, டேக்கை (ஒரு கொமிட்டுக்கு ஒட்டுகிற பெயரை) வாசிக்கிற இதிலிருந்து:

கிட் டிஸ்கிரைப் --டேக்ஸ் --டேர்ட்டி

இரண்டாவது தோற்றால் 0.0.0 என்று போடும்படி பின்னால் ஒரு துண்டு சேர்த்திருக்கிறது.

லெப்டொப்பில் ஓட்டினால் 587 என்றும் 2.3.1 என்று தொடங்கும் பெயரும் வருகிறது. ரன்னரில் ஓட்டினால் 1, 0.0.0. ப்ளே கொன்சோல் அந்த எண் ஏற்கெனவே பாவிக்கப்பட்டது என்று திருப்பி அனுப்புகிறது, அது நியாயம்தான். அதே கிளை, அதே கொமிட், கொமிட்டின் அடையாளமான ஹேஷைக்கூட ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கேஷை அழித்துப் பார்த்தேன், ஜாவா வெர்ஷனை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. லொக்கில் சிவப்பாக ஒரு வரியும் கிடையாது, பில்ட் பச்சையாகவே முடிகிறது. எங்கே தேடுவது என்று யாராவது சொல்லுங்கள்.

மருதமரத்தடி

தம்பி, ஜாவாவையும் கேஷையும் விடுங்கள், அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரன்னரில் இருப்பது உங்கள் ரெப்போவின் (கோட்டும் அதன் வரலாறும் இருக்கிற கிடங்கின்) முழுப் பிரதி இல்லை. கோட்டை ரன்னருக்கு இறக்குகிற செக்அவுட் ஆக்ஷன் வழக்கத்தில் கடைசிக் கொமிட் ஒன்றை மட்டும்தான் இறக்கும், வரலாறும் வராது, டேக்கும் வராது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு எத்தனை பக்கம் என்று எண்ணச் சொன்னால் ஒன்று என்றுதான் பதில் வரும். ஹேஷ் இரண்டிலும் ஒன்றாக இருப்பதும் அதனால்தான், கொமிட் அதேதான், அதன் பின்னால் இருக்க வேண்டியவைதான் இல்லை.

நிச்சயப்படுத்த வேண்டுமென்றால் ஸ்கிரிப்டுக்கு முதல் இந்த ஒரு வரியை ஓட்டுங்கள்:

கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-ஷாலோ-ரெப்போசிட்டரி

ட்ரூ என்று வந்தால் இதுதான் காரணம். ரன்னர் செய்ய வேண்டிய படிகளை எழுதுகிற வேர்க்ஃப்ளோ பைலில் செக்அவுட்டுக்குக் கீழே, வித் பகுதியில் ஃபெட்ச்-டெப்த்: 0 என்று போடுங்கள். பூச்சியம் என்றால் ஒன்றும் வேண்டாம் என்று சிலர் எண்ணுகிறார்கள், இங்கே அதன் பொருள் எல்லாவற்றையும் கொண்டு வா என்பது. டேக்குகளும் கூடவே வரும்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த 0.0.0 துண்டு. டேக் இல்லாத இடத்தில் டிஸ்கிரைப் சும்மா போகாது, "நோ நேம்ஸ் ஃபவுண்ட், கேனொட் டிஸ்கிரைப் எனிதிங்" என்று சொல்லிவிட்டுத்தான் தோற்கும். அந்தச் செய்தி லொக்கில் விழுந்திருந்தால் நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் அதை விழுங்கிவிட்டு ஒரு பொய் எண்ணைக் கொடுத்துப் பச்சை காட்டுகிறது. வெர்ஷன் தெரியவில்லையென்றால் பில்ட் நிற்கட்டும். ஆலைக்காரர் ஒருவர் கழிவு பிழையாக வருகிறது என்று கோல் எடுத்தால் அவர் கையில் இருக்கிற வெர்ஷன் எது என்று கேட்பீர்கள், அவர் 0.0.0 என்று வாசித்துச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

துண்டை எடுத்துவிட்டு ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஈ போடுங்கள், ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். இன்னொன்றும் கவனியுங்கள், எக்ஸ்போர்ட் என்ற சொல்லையும் கட்டளையின் விளைவை எடுப்பதையும் ஒரே வரியில் எழுதினால் செட் -ஈ இருந்தும் தோல்வி வெளியே தெரியாது, எக்ஸ்போர்ட் வெற்றியாக முடிந்ததுதான் கணக்கில் எடுபடும். முதல் வரியில் மாறிக்குள் எடுங்கள், அடுத்த வரியில் எக்ஸ்போர்ட் பண்ணுங்கள்.

கல்லடி_லெப்டொப்

நானா, ட்ரூ என்றுதான் வந்தது. ஃபெட்ச்-டெப்த் போட்டதும் எண் சரியாக வருகிறது. மிக்க நன்றி.

இப்போது வேறொன்று. பெயரின் வாலில் டேர்ட்டி (கொமிட் பண்ணாத மாற்றம் இருக்கிறது) என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ரன்னர் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தானே இறக்குகிறது, அதற்குள் யார் என்ன மாற்ற முடியும்? லெப்டொப்பில் இந்த வால் வருவதில்லை. வேர்க்ஃப்ளோவில் செக்அவுட், ஜாவா, கிரேடில் ராப்பருக்கு (பில்டை ஓட்டுகிற ஸ்கிரிப்டுக்கு) ஓடும் உரிமை கொடுக்கிற செமோட் பிளஸ் எக்ஸ், பிறகு இந்த வெர்ஷன் ஸ்கிரிப்ட், பிறகு பில்ட், அவ்வளவுதான்.

ஓலுவில்_காற்று

அந்தச் செமோட்தான். அதைப் போடாவிட்டால் பெர்மிஷன் டினைட் வந்திருக்கும், அதனால் யாரோ சேர்த்திருப்பார்கள், இணையத்தில் பாதிப் பேர் கொடுக்கிற பதில் அது. வேலை செய்யும், ஆனால் பைலின் மோடை மாற்றிவிடுகிறது. லினக்ஸில் கிட்டுக்கு அதுவும் ஒரு மாற்றம்தான். வெர்ஷன் ஸ்கிரிப்டுக்கு முதல் வரியாகக் கிட் டிஃப் ஓட்டிப் பாருங்கள், ஓல்ட் மோட் 100644, நியூ மோட் 100755 என்று இரண்டு வரி மட்டும் வரும், உள்ளே ஓர் எழுத்தும் மாறியிராது.

ராப்பரை முதன்முதல் கொமிட் பண்ணியது விண்டோஸ் மெஷினில் என்று நினைக்கிறேன். அங்கே ஓடும் உரிமை என்ற பிட் கிடையாது, கிட் 644 என்றே பதியும். திருத்த வேண்டிய இடம் ரெப்போதான், ரன்னர் இல்லை. லெப்டொப்பில் ஒரு தடவை:

கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --செமோட்=+எக்ஸ் என்று எழுதி, பக்கத்தில் ராப்பர் பைலின் பெயர்

கொமிட் பண்ணி புஷ் பண்ணுங்கள், பிறகு வேர்க்ஃப்ளோவிலிருந்து செமோட் வரியை எடுத்துவிடுங்கள். வெர்ஷன் ஸ்கிரிப்டுக்கும் இதையே செய்து வையுங்கள்.

விண்டோஸ் லெப்டொப்கள் இருக்கிற டீம் என்றால் அடுத்ததாக வரப்போவது வரி முடிவுதான், இப்போதே அடைத்துவிடுங்கள். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூட இருக்கும். லினக்ஸ் முதல் வரியை வாசித்து, அந்தப் பெயரில் ஒரு ஷெல் இல்லையே என்று பேட் இன்டர்ப்ரெட்டர் காட்டி நிற்கும். பைல் கண்முன்னே இருக்கும், நோ சச் பைல் என்று செய்தி சொல்லும், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ரெப்போவின் மேல்மட்டத்தில் கிட்அட்ரிபியூட்ஸ் பைல் ஒன்று வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கும் ராப்பருக்கும் ஈஓஎல்=எல்எஃப் (லினக்ஸ் வரி முடிவு), பேட் பைலுக்கு ஈஓஎல்=சிஆர்எல்எஃப் (விண்டோஸ் வரி முடிவு) என்று எழுதுங்கள். பிறகு கிட் ஆட் --ரீநோர்மலைஸ் ஒரு தடவை. ஒவ்வொருவர் மெஷினிலும் வரி முடிவைத் தானாக மாற்றுகிற ஆட்டோசிஆர்எல்எஃப் செட்டிங் எப்படி இருக்கிறது என்று போய்ப் போய்ப் பார்க்கிற வேலை அதோடு முடிந்தது.

வந்தாறுமூலை_பழையவர்

இதுவரை சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் அடிப்படையிலேயே மாறுபடுகிறேன். கொமிட் எண்ணிக்கையை வெர்ஷன் கோடாகப் பாவிக்கவே கூடாது. ப்ளே ஸ்டோருக்கு வேண்டியது எப்போதும் ஏறிக்கொண்டே போகிற எண். கொமிட் எண்ணிக்கை அந்த வாக்கைக் கொடுக்காது. முதன்மைக் கிளையான மெயினில் 590 நிற்கும்போது ரிலீஸ் கிளையில் அவசரத் திருத்தம் ஒன்று போட்டால் அங்கே 580 என்று வரலாம், அதை ஏற்றவே முடியாது. இரண்டு கிளையில் ஒரே எண் வருவதும் நடக்கும். புல் ரிக்வெஸ்டில் (ஒரு மாற்றத்தை இணைக்கச் சொல்லிக் கேட்பது) ஓடும்போது செக்அவுட் எடுப்பது இணைத்துப் பார்க்கிற தற்காலிகக் கொமிட், அங்கே எண்ணிக்கை இன்னொரு மாதிரி.

திகதியிலிருந்து எடுக்கிறேன் என்று சிலர் போவார்கள். அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ப்ளே ஸ்டோர் அனுமதிக்கிற ஆகப் பெரிய வெர்ஷன் கோட் 2100000000. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று பத்து இலக்கம் வைத்தால் 2020 முடியும்வரை சரியாக இருந்தது, 2021 ஜனவரி பிறந்ததும் எல்லையைத் தாண்டிவிட்டது. நான்கு இலக்க ஆண்டு, மாதம், நாள், அன்றைய பில்ட் எண் என்று வைத்தால் இந்த நூற்றாண்டு முழுக்க ஓடும். ஆனால் ரன்னரின் கடிகாரம் யூடிசி (உலகப் பொது நேரம்), நாங்கள் அதைவிட ஐந்தரை மணி முன்னே. இரவு ஒரு மணிக்கு லெப்டொப்பில் கட்டி ஏற்றிவிட்டு இரண்டு மணிக்கு ரன்னரில் கட்டினால் ரன்னர் நேற்றைய திகதியைப் போடும், பின்னால் கட்டியது சிறிய எண்ணாகிவிடும். இரவில் வேலை செய்கிற டீம்களுக்கு இது உண்மையாகவே நடக்கிற காரியம். ஒருமுறை பெரிய எண்ணை வெளியிட்டுவிட்டால் பிறகு கீழே இறங்கவும் முடியாது.

என் யோசனை, கிட்ஹப் தருகிற ரன் நம்பரை (எத்தனையாவது ஓட்டம் என்ற எண்ணை) எடுத்து அதோடு 1000 கூட்டுங்கள். பழைய 587 ஐத் தாண்டியும் இருக்கும், ஒவ்வொரு புது ஓட்டத்துக்கும் ஒன்று கூடும், வரலாற்றை இறக்கத் தேவையும் இல்லை. இரண்டு விஷயம் ஞாபகம் வைத்திருங்கள். ரீரன் கொடுத்தால் அந்த எண் மாறாது, ஆகவே ஏற்றி முடித்த ஓட்டத்தைத் திரும்ப ஓட்டி இன்னொரு முறை ஏற்ற முடியாது. அடுத்தது, எண் அந்த வேர்க்ஃப்ளோவுக்கு மட்டும் உரியது, வேறொரு வேர்க்ஃப்ளோவில் வேறு வரிசை ஓடும்.

மருதமரத்தடி

அண்ணன் சொல்வதை எண்ணுக்கு ஒத்துக்கொள்கிறேன், பெயருக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். 2.3.1 என்ற பெயர் டேக்கிலிருந்துதான் வர வேண்டும், பின்னால் வருகிற ஹேஷ் துண்டை வைத்து எந்தக் கொமிட் என்று நேரே போய்ப் பார்க்கலாம். ரன் நம்பரில் அது கிடைக்காது. ஆகவே வரலாறு தேவைதான்.

கல்லடி_லெப்டொப்

இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், எண்ணுக்கு ரன் நம்பர் கூட்டல் 1000, பெயருக்கு டேக். கிட் டிஃபில் ஓலுவில் அண்ணன் சொன்ன அதே இரண்டு வரிதான் இருந்தது, 644இலிருந்து 755. திருத்தியாயிற்று, வால் போய்விட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. அக்கரைப்பற்றில் இருக்கிற எங்கள் பங்காளி டீம் தங்கள் ஒபிஸ் மெஷினையே ரன்னராக வைத்திருக்கிறது. அவர்கள் லைனில் முழு வரலாற்றையும் இறக்கப் பெரும் நேரம் போகிறது, ஏனென்றால் ரெப்போவுக்குள் பழைய ஏபிகே (கட்டி முடித்த ஆப்) பைல்களும் ஸ்கேன் பண்ணின துண்டுகளும் கிடக்கின்றன. வரலாற்றிலிருந்தே அவற்றை அழித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். மற்றது, லெப்டொப்பில் 2.4.0 என்று டேக் போட்டு புஷ் பண்ணினேன், ரன்னருக்கு அது தெரியவில்லை, இன்னும் 2.3.1 என்றே சொல்கிறது.

ஓலுவில்_காற்று

டேக்குக்கு முதலில். சாதாரண கிட் புஷ் டேக்கைக் கொண்டு போகாது. கிட் புஷ் ஒரிஜின் என்று எழுதிப் பக்கத்தில் டேக்கின் பெயரையும் கொடுக்க வேண்டும். --ஃபொலோ-டேக்ஸ் போட்டுப் பழகினாலும் நல்லது, ஆனால் அது குறிப்பு எழுதிப் போட்ட டேக்கை மட்டும்தான் எடுத்துச் செல்லும், ஆகவே டேக் போடும்போதே -ஏ சேர்த்து, இந்த வெளியீட்டில் என்ன மாறியது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அக்கரைப்பற்று விஷயத்தில் வரலாற்றில் இப்போது கை வைக்க வேண்டாம். ஃபில்டர்-ரெப்போ போன்ற கருவியால் அழித்தால் அந்தப் பைல்கள் முதன்முதல் சேர்ந்த இடத்திலிருந்து பின்னால் வந்த எல்லாக் கொமிட்டின் ஹேஷும் மாறும், ஏபிகே மட்டும் சேர்த்த கொமிட்கள் வெறுமையாகி மறைந்தே போகும். கொமிட் எண்ணிக்கையை இன்னும் நம்பியிருந்திருந்தால் எண் பின்னோக்கிப் போய் மறுபடி இதே இடத்தில் நின்றிருப்பீர்கள். எல்லோரும் புதிதாகக் குளோன் எடுக்கவும் வேண்டிவரும், வெட்டு நேரத்தில் அது தேவையில்லாத வேலை.

அதற்குப் பதிலாகச் செக்அவுட்டில் ஃபெட்ச்-டெப்த்: 0 க்குப் பக்கத்தில் ஃபில்டர்: ப்ளொப்:நன் என்று போடுங்கள், நான்காம் வெர்ஷன் ஆக்ஷனில் இருக்கிறது. கொமிட்களும் டேக்குகளும் முழுதாக வரும், பைல்களின் உள்ளடக்கம் இப்போதைய கொமிட்டுக்கு வேண்டியது மட்டும் இறங்கும். பழைய ஏபிகே ஒன்றும் லைனில் வராது. இப்போதைய கிளையில் இன்னும் கிடப்பவற்றைச் சாதாரணக் கொமிட் ஒன்றில் நீக்கி, கிட் கவனிக்காமல் விட வேண்டியவற்றை எழுதுகிற கிட்இக்னோரில் ஏபிகே, ஏஏபி (ஸ்டோருக்கு ஏற்றுகிற ஆப் பைல்) இரண்டையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

வந்தாறுமூலை_பழையவர்

அவர்களும் இதே ஆப்பை ஏற்றுகிறார்களா? அப்படியென்றால் ஸ்டோருக்கு ஏற்றுகிற வேர்க்ஃப்ளோ ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், 2.4.0 போன்ற டேக் வந்தால் மட்டும் அது ஓட வேண்டும். அக்கரைப்பற்று மெஷினில் சோதனை பில்ட் மட்டும் ஓடட்டும்.

கல்லடி_லெப்டொப்

ஓம் அண்ணன், அவர்களும் ஏற்றுகிறார்கள். இன்றைக்கே கதைத்து ஏற்றுகிற பகுதியை எங்கள் பக்கத்து வேர்க்ஃப்ளோவுக்கு மட்டும் மாற்றுகிறேன். 2.4.0 டேக்கைத் தனியாக புஷ் பண்ணினேன், பில்ட் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, வெர்ஷன் கோட் 1043 என்று லொக்கில் தெரிகிறது.