தென்னந்தோப்பு ஓரத்தில் செல்லும் மின்கம்பி: தேங்காய் வெட்டும்போது என்ன செய்வது?

கேள்வி (சோழவந்தான்):
வணக்கம். எங்கள் தோப்பின் கிழக்கு வரப்பை ஒட்டி 11,000 வோல்ட் மின்கம்பி செல்கிறது. சென்ற வெட்டின்போது, அலுமினியக் குழாயில் அரிவாள் கட்டிய தொரட்டியால் அண்ணன் ஒருவர் இழுத்த பச்சை மட்டை, சரிந்து கம்பியில் உரசிப் படபடவென்று பொறி பறந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மூங்கில் தொரட்டியும் ரப்பர் செருப்பும் இருந்தால் போதும் என்கிறார்கள். அது சரியா?

பதில் (வாடிப்பட்டி, ஓய்வுபெற்ற மின் பணியாளர்):
போதாது, ஐயா. அந்தக் கம்பிக்கு மேலுறை எதுவும் கிடையாது. மூங்கிலில் ஈரம் தங்கும், செருப்பு அந்த மின்னழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. அலுமினியக் குழாயோ கம்பியைத் தொடவே வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்த இடைவெளி எவ்வளவு என்று சரியாகத் தெரியாது.

உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, வெட்டு நாளில் மின்சாரத்தை நிறுத்தக் கேளுங்கள். லயன்மேன் சுவிட்சைத் திறந்து, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்து, "இனி வேலை பார்க்கலாம்" என்று சொன்ன பிறகே தொரட்டி உயர வேண்டும். தானாகக் கரண்ட் போயிருக்கும் நேரத்தை நம்பி வேலையைத் தொடங்கவே கூடாது, எந்த நொடியிலும் அது திரும்பி வரலாம்.

பதில் (மேலூர்):
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். மட்டை விழுந்து கம்பி அறுந்தால், அது பொறி விடாமல் அமைதியாகக் கிடந்தாலும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, ஆடு மாடுகளையும் அண்டவிடாமல், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அழையுங்கள். அருகில் சிக்கிக்கொண்டவர் ஓடக் கூடாது. தரையிலேயே மின்சாரம் பரவியிருப்பதால் அகல வைக்கும் ஒவ்வொரு அடியும் ஆபத்து, எனவே இரு பாதங்களையும் ஒட்டி வைத்துத் தேய்த்தபடியே நகர வேண்டும். அடிபட்டவரைக் கண்டால் மனம் பதறும், ஆனாலும் மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை குச்சியால்கூடத் தொடாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை கடிதம் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை நிறுத்தித் தருவதாகச் சொன்னார்கள். வெட்டுபவர்களுக்கு மரக்கணக்கில் கூலி என்பதால் காத்திருக்கும் நேரம் அவர்களுக்கு நட்டம், அவசரத்துக்கும் அதுவே காரணம் என்று இப்போது புரிகிறது. கிழக்கு வரிசை ஒன்பது மரங்களுக்கு மட்டும் நாள் கூலியாகப் பேசியிருக்கிறேன்.