சேர்த்து வைத்த குறிப்புகள் காலை வாரிய கதை இருந்தால் சொல்லுங்கள்

பின்னிரவு_பில்ட்

போன மாதம் நடந்தது. இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டீமில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். காலேஜ் முடித்து ஒரு வருடம்தான். எங்கள் பேமென்ட் பகுதியில் ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை பணம் பிடிக்கிற பழைய தலைவலி திரும்ப வந்திருந்தது. நெட்வொர்க் அறுந்து கோரிக்கை மறுபடி போகும்போது அதே சாவியோடு, அதாவது இது முன்பு அனுப்பியதேதான் என்று காட்டும் அடையாள எண்ணோடு, போகவில்லை என்றால் இப்படித்தான் ஆகும், இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். "அதற்கு என்னிடம் பெரிய நோட்ஸே இருக்கிறது" என்று பெருமையாக லிங்க் அனுப்பினேன். மூன்று வருடச் சேகரிப்பு. கட்டுரைகள், கான்ஃபரன்ஸ் பேச்சுகள், அம்புக்குறி போட்ட படங்கள், பக்கத்துக்குப் பத்து மஞ்சள் ஹைலைட்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அண்ணா, இதுல நீங்க எழுதினது எது?" என்று கேட்டார்.

குத்திக்காட்டவில்லை. நம் சிஸ்டத்தில் இதை எப்படிச் சரிசெய்தோம் என்று எங்காவது எழுதியிருப்பேன் என நம்பித் தேடியிருக்கிறார். நானும் உருட்டினேன். உருட்டினேன். பிரின்ட் எடுத்தால் நாற்பது பக்கம் வரும். அடியில் ஒரே ஒரு வரி என்னுடையது: "ரொம்ப முக்கியம்!!! பிறகு பார்க்க." தேதி 2022.

அந்த மூன்று ஆச்சரியக்குறியைத்தான் மறக்க முடியவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். ஆப் சிபாரிசு வேண்டாம், ஏற்கெனவே ஐந்து இருக்கிறது.

கோர்ட்_வராண்டா

உங்கள் நோட்ஸ் சும்மா கிடந்தது, அவ்வளவுதானே. எனக்கு மண்டைக்குள் பத்திரமாக இருந்ததே எதிர்த்தரப்பில் ஆஜராகிவிட்டது.

28 வருடம் கிரிமினல் பக்கம். 2024 ஜூலை 1 அன்று எங்களுக்கு என்ன ஆனது என்று விளக்க வேண்டியதில்லை. தண்டனைச் சட்டமான இ.பி.கோ. போய் பி.என்.எஸ்., குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய் பி.என்.எஸ்.எஸ். இ.பி.கோ.வில் மொத்தம் 511 ஆக இருந்த பிரிவுகள் பி.என்.எஸ்.ஸில் 358 ஆயின. ஊரையே ஏமாற்றுகிறவனுக்குப் பட்டப்பெயராக இருந்த 420 இப்போது 318க்குள் நாலாவது உட்பிரிவு. கொலை 302லிருந்து 103க்குப் போய்விட்டது. இதையெல்லாம் ஜூனியர்கள் அட்டவணை போட்டு பீரோ கதவில் ஒட்டியாகிவிட்டது. நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு முன்ஜாமீன் மனு. கட்சிக்காரரின் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஜூனியர் டைப் அடித்துக் கொண்டுவந்த மனுவின் தலைப்பில் 482 என்று இருந்தது. சிவப்பு பேனாவை எடுத்து அடித்தேன். "482 குவாஷ் பெட்டிஷன்ப்பா, வழக்கையே ரத்து செய்யக் கேட்பது. ஹைகோர்ட்டில் போடுவது. செஷன்ஸ் கோர்ட் முன்ஜாமீனுக்கு எவனாவது 482 போடுவானா?" என்று, கட்சிக்காரருக்கும் கேட்கிற மாதிரி.

பையன் வாயைத் திறக்கவில்லை. புதுச் சட்டப் புத்தகத்தை விரித்து, என் பக்கமாகத் திருப்பி, விரலை மட்டும் வைத்தான். முன்ஜாமீனுக்கான பழைய 438தான் புதிய 482. பழைய 482 இப்போது 528.

எண் மறந்திருந்தால் நானே புத்தகத்தைத் திறந்திருப்பேன். நன்றாக ஞாபகம் இருந்ததால் திறக்கவில்லை. புது எண் என்றால் மனப்பாடம் செய்துகொள்ளலாம். பழைய எண்ணே வேறு வேலைக்கு மாற்றலாகி வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? சரி, பழசை மறந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஜூலை 1க்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு இன்னும் இ.பி.கோ.தான். இரண்டு செட்டையும் தலையில் சுமக்க வேண்டும், எந்த வழக்குக்கு எது என்பதையும் சேர்த்து.

அந்த மனுவைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. சிரித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

நைட்_ஷிப்ட்

வக்கீல் சார் சொன்னதேதான். எண்ணுக்குப் பதில் எனக்குக் கை.

நான் 2006 நர்சிங் பேட்ச். இதயம் நின்றுபோனால் ஏ-பி-சி என்று படித்தவள், அதாவது முதலில் மூச்சுவழி, பிறகு மூச்சு, அப்புறம்தான் நெஞ்சு அழுத்தம். 2010 வழிகாட்டுதலில் அது சி-ஏ-பி ஆனது, முதலில் அழுத்தம். பயிற்சிக்குப் போனேன், பொம்மையை அழுத்தினேன், சர்டிஃபிகேட் வாங்கினேன், சட்டைப்பை டைரியில் பச்சை மையில் எழுதியும் வைத்தேன்.

2012. விடியற்காலை மூன்று மணி இருக்கும், ஒன்பதாம் படுக்கை. என் கை நேராகப் போய்த் தாடையைத் தூக்கியது. எங்களோடு இருந்த ஜூனியர் தம்பி அதற்குள் ஸ்டூலில் ஏறி அழுத்த ஆரம்பித்து, சத்தமாக எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் முப்பது வரை எண்ணுகிற வரைக்கும் நான் தாடையைப் பிடித்தபடியே நிற்கிறேன். தலைமாட்டில் எப்படியும் ஒருவர் வேண்டும், அதனால் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நோயாளியும் பிழைத்தார். ஆனால் அந்தத் தம்பி அங்கே இல்லாமல் நான் மட்டும் இருந்திருந்தால்?

டைரி சட்டைப்பையில்தான் இருந்தது.

இரண்டாம்_மூளை

ஆப் சிபாரிசு வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் இங்கே எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சேகரிப்பது வேறு, இணைப்பது வேறு. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் பெட்டி பெட்டியாகத் துண்டுச்சீட்டு வைத்திருந்தார், சுமார் 90,000 சீட்டு. ஒரு சீட்டில் ஒரே ஒரு கருத்து, அதுவும் அவருடைய சொந்த வாக்கியத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அதிலிருந்து மற்ற சீட்டுகளுக்கு வழி. அந்தப் பெட்டியோடு பேசித்தான் டஜன் கணக்கில் புத்தகம் எழுதினார். ப்ரோ, உங்கள் நாற்பது பக்கத்தை அப்படியே அழித்துவிடுங்கள். அப்சிடியன் என்ற குறிப்பு ஆப்புக்கு வாருங்கள். எல்லாம் உங்கள் கணினியிலேயே வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கும், கம்பெனி மூடினாலும் கவலையில்லை, ஐம்பது வருடம் கழித்தும் திறக்கும். வெட்டி ஒட்டுவதை நிறுத்துங்கள், கட்டுரையை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து நாலு வரி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரம் எழுதியதைப் பழையதோடு கோத்துவிடுங்கள். வக்கீல் சார், பிரிவு எண்களை ஆங்கி என்ற மனப்பாட ஆப்பில் கார்டாகப் போடுங்கள். முன்பக்கம் பழைய எண், பின்பக்கம் புதிய எண். இன்றைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று அதுவே இடைவெளி விட்டுக் கேட்கும். ஞாபகம் எப்படிச் சரிகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885லேயே எழுதிவிட்டார், நாம்தான் இன்னும் ஹைலைட்டர் வாங்கிக்கொண்டிருக்கிறோம். சிஸ்டர், நீங்களும் அந்த வரிசையைக் கார்டாகப் போட்டிருந்தால் அன்றைக்குக் குழப்பமே வந்திருக்காது. ஃபோல்டர் மட்டும் பத்துக்கு மேல் வேண்டாம். டேக் போடுகிறவர்கள் ஒருமையா பன்மையா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் அனுபவம்: பழைய இடத்திலிருந்து எல்லாவற்றையும் இப்படி மாற்றி அடுக்க நாலு மாதம் ஆனது. அதில் ஒரு கிளவுட் சர்டிஃபிகேஷன் பரீட்சை தவறிவிட்டது. பரவாயில்லை, இப்போது குறிப்புகள் கோத்திருக்கும் வரைபடத்தைத் திறந்தால் நட்சத்திர மண்டலம் மாதிரி இருக்கிறது.

நைட்_ஷிப்ட்

தம்பி, கார்டில் கேட்டிருந்தால் அன்றைக்கும் சரியாகத்தான் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. அப்புறம் ஒரு மாதம் வீட்டில் தலையணையை வைத்து அழுத்திப் பழகினேன். என் மாமியார் என்ன நினைத்தாரோ, கேட்கவேயில்லை.

கோர்ட்_வராண்டா

தம்பி, உங்கள் கார்டில் முன்பக்கம் 482 என்று போட்டால் பின்பக்கம் என்ன எழுதுவீர்கள்? 528 என்றா, முன்ஜாமீன் என்றா? யோசித்துச் சொல்லுங்கள்.

இரண்டாம்_மூளை

இரண்டு கார்டு போட வேண்டும் சார். அதைத்தான் ஒரு சீட்டில் ஒரு கருத்து என்றேன்.

வரி_நோட்டீஸ்

வக்கீல் சாருக்கு ஒரு தடவை மாறியதற்கே இவ்வளவு புலம்பல். ஜி.எஸ்.டி. பார்க்கிற எங்களைக் கேளுங்கள். 2017 ஜூலையில் வந்ததிலிருந்து சுற்றறிக்கை படிக்காத வாரம் உண்டா?

எனக்குக் காலை வாரியது மறதியும் இல்லை, கையும் இல்லை. தேடல் பெட்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 விகிதங்கள் போய்ப் பெரும்பாலானவை 5, 18 ஆனதே, அதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். என் கிளையண்ட் ஒவ்வொருவருக்கும் எது மாறுகிறது என்று போனில் தனிக் குறிப்பும் எழுதினேன். நெய், வெண்ணெய் 12லிருந்து 5. பாக்கெட் பனீர் 5லிருந்து பூஜ்யம். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் பைக்கில் போகும்போது ஊத்துக்குளிப் பக்கத்து நெய் வியாபாரி கூப்பிட்டார். ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டோடேயே, போனில் "நெய்" என்று தேடினேன். முதலில் வந்தது: "நெய் - 12". சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "ஏனுங்க, பக்கத்துக் கடைல அஞ்சு போடறாங்களே, நீங்க மட்டும் பன்னெண்டுங்கறீங்க?"

திறந்து வந்தது பழைய குறிப்பு. எப்போது எழுதியது என்று அதில் இல்லை. புதுக் குறிப்புக்கு நான் வைத்திருந்த தலைப்பு "பால் பொருட்கள் மாற்றம்". 17 பில்லுக்கு, கூடுதலாகப் போட்ட வரியைக் கழிக்கும் கிரெடிட் நோட் போட்டோம், என் ஃபீஸையும் அந்த மாதம் வாங்க மனம் வரவில்லை. அவர் கோபப்படவே இல்லை. "பரவால்லீங்க, நீங்க படிச்சவங்க, உங்களுக்கே கொழம்புது" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

இப்போது எந்தக் குறிப்பானாலும் முதல் வரியில் தேதியும் எந்த அறிவிப்பு என்பதும் போட்ட பிறகுதான் மற்றது. இரண்டாம் மூளைத் தம்பி ஒருமை பன்மை எல்லாம் சொன்னார், தேதியைச் சொல்லவில்லை.

கோர்ட்_வராண்டா

ஒரு தடவை மாறியது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒன்று 1860லிருந்து இருந்த சட்டம். என் சீனியரும் அவருடைய சீனியரும் சொல்லிக்கொடுத்த எண்கள். உங்கள் 12க்கு எட்டு வயதுதானே.

பழைய_எழுத்துரு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மொழிபெயர்ப்புத்தான் தொழில். வெறும் எழுத்துக் கோப்பு ஐம்பது வருடம் கழித்தும் திறக்கும் என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். திறக்கும் தம்பி. வாசிக்கத்தான் ஏலாது.

2001இலிருந்து ஒரு சொற்பட்டியல் சேர்த்து வந்தேன். ஆங்கிலச் சொல், எங்கள் திணைக்களங்கள் பாவிக்கிற தமிழ், இந்தியாவில் பாவிக்கிற தமிழ். நீங்கள் மதிப்புக் கூட்டு வரி என்பீர்கள், எங்களுக்கு அது பெறுமதி சேர் வரி. இப்படி ஆயிரக்கணக்கில். முழுவதும் பாமினி எழுத்துருவில் அடித்தது, அந்தக் காலத்தில் எல்லோரும் அதில்தானே அடித்தோம். பிறகு எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறினேன், பழைய கோப்பைத் தொடவில்லை. போன வருடம் ஒரு அவசர வேலைக்குப் புதுக் கணினியில் திறந்தால், தமிழ் என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி. நூறு பக்கமும் அப்படி. பாமினியில் கணினிக்குள் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டது மட்டும்தான் என்று தெரிந்திருந்தும், நெஞ்சு திக்கென்றது.

மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் யூனிகோடு ஆக்கலாம் என்பீர்கள். ஆக்கினேன். தமிழெல்லாம் தமிழாக வந்தது. ஆனால் என் பட்டியலின் முதல் நிரல் ஆங்கிலம் அல்லவா? அதையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டது. டாக்ஸ் என்று சின்ன ஆங்கில எழுத்தில் அடித்திருந்த இடமெல்லாம் "வயஒ" என்று நிற்கிறது. வயஒ - வரி. நிரலைப் பிரித்துத் தமிழை மட்டும் மாற்றியிருக்க வேண்டும், அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை. அன்றிரவு பட்டியல் இல்லாமலேயே வேலையை முடித்தேன். இருபது வருடமாகப் பாவித்த சொற்கள், முக்கால்வாசி தானாகவே வந்தன. வராத கால்வாசியில் ஒன்றைப் பிழையாக விட்டுவிட்டேன், அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாம்_மூளை

அண்ணா, மூலக் கோப்பு இருந்தால் அனுப்புங்கள். நிரல் பிரித்து மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், இன்றைக்கே எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.

பழைய_எழுத்துரு

அனுப்புகிறேன் தம்பி. நட்சத்திர மண்டலம் எல்லாம் வேண்டாம், இரண்டு நிரலாகத் தந்தால் போதும்.

பின்னிரவு_பில்ட்

எல்லோருக்கும் நன்றி. நாற்பது பக்கத்தை அழிக்கவில்லை ப்ரோ, மனம் வரவில்லை. நேற்று அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, நம் சிஸ்டத்தில் 2021இல் இதை எப்படிச் சரிசெய்தோம் என்று ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். பதினொரு வரி வந்தது. அதில் நாலாவது வரி தப்பு என்று அவர் நம் புரோகிராமையே காட்டித் திருத்தினார். மேலே வரி_நோட்டீஸ் சொன்னபடி தேதியும் போட்டாயிற்று.