எஃப்.எல்.3 பாரில் வயசு நிறையாதவருக்கு மது பரிமாறினால் யார் யாருக்கு என்ன தண்டனை?

பர்லியார்:
வணக்கம். ஊட்டியில் எஃப்.எல்.3 (ஹோட்டலில் மது பரிமாறுவதற்கான) லைசென்ஸ் உள்ள ஹோட்டல் பாரில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சீசன் நெருங்குது, மூணு விஷயம் தெளிவாகத் தெரியணும். 19, 20 வயசுப் பையன்கள் "பாண்டிச்சேரியில் கொடுக்கிறாங்களே" என்று கேட்டால் கொடுக்கலாமா? அப்பா ஆர்டர் பண்ணி, மேஜையில் 16 வயசு மகன் பக்கம் கிளாஸை நகர்த்தினால் குற்றம் யார் மேல்? மாட்டினால் அபராதத்தோடு முடியுமா, பரிமாறின பையனுக்கும் ஜெயில் உண்டா?

உதகை வக்கீல்:
பர்லியார் சார், முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு வயசு வரம்பு இருக்கிறது, இரண்டுக்கும் விளைவு வேறு வேறு.

முதல் வரம்பு 21. தமிழ்நாட்டில் 21 நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது; கிளப், ஹோட்டல் பார், டாஸ்மாக் கடை எதற்கும் விலக்கில்லை. பாண்டிச்சேரியில் 18, கேரளாவில் 23. ஆனால் ஆள் எந்த ஊர்க்காரர் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, பாட்டில் எங்கே திறக்கிறது என்பதைத்தான் பார்க்கும். 19 வயசுக்காரருக்குக் கொடுத்தால் அது லைசென்ஸ் விதிமீறல். மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பும். பதில் திருப்தியில்லை என்றால் லைசென்ஸை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். மே மாதத்தில் பார் மூடிக் கிடந்தால் முதலாளிக்கு என்ன நஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வரம்பு 18. அதற்குக் கீழே போனால் நிலைமையே வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன்படி, டாக்டர் எழுதிக்கொடுத்தால் தவிர, குழந்தைக்கு மது கொடுப்பவருக்கும் கொடுக்க வைப்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல், கூடவே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதில் 'லைசென்ஸ்தாரர்' என்ற சொல்லே கிடையாது. 'எவரொருவர்' என்றுதான் இருக்கிறது. அதனால் கிளாஸை வைத்த வெயிட்டர், வைக்கச் சொன்ன மேனேஜர், மகனுக்கு நகர்த்திய அப்பா எல்லாரும் அதற்குள் வருவார்கள். "பெத்தவனே கொடுத்தான், நமக்கென்ன" என்று ஒதுங்க முடியாது. பையன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ரவுண்டு கொண்டுவந்தால், கொடுத்தவர் கணக்கில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

பிரிவு 78-ம் கவனத்தில் இருக்கட்டும். 18 வயசு ஆகாத பையனை வைத்து மது விற்றாலோ, தூக்கி வரச் சொன்னாலோ, பரிமாற விட்டாலோ அதே 7 ஆண்டு, அதே 1 லட்சம். சீசனுக்கு மட்டும் எடுபிடியாகச் சேர்க்கும் பையன்களின் வயசைப் பள்ளிச் சான்றிதழில் பார்த்து, நகல் எடுத்து வையுங்கள்.

பேரட்டி:
வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார். தளத்தில் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன்.

பில் கவுண்டரில் ஒரு பலகையில் தினமும் இன்றைய தேதிக்கு 21 வருஷம் முந்தைய தேதியை எழுதுங்கள். 2026 மே 10 என்றால் '10.5.2005'. அதற்குப் பிந்திப் பிறந்தவருக்குக் கிடையாது. கூட்ட நேரத்தில் வெயிட்டர் மனக்கணக்குப் போட்டால் வருஷத்தைச் சரியாகப் பார்ப்பான், மாதத்தைக் கோட்டை விடுவான்.

டிரைவிங் லைசென்ஸையோ வாக்காளர் அட்டையையோ பார்த்ததும் தலையாட்டுகிறவர்கள் நிறைய. இரண்டும் 18-லேயே கிடைக்கும், பிறந்த தேதியைப் படித்தால்தான் பிரயோஜனம். பழைய ஆதார் சிலவற்றில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும். எல்லைக்கோட்டில் இருப்பவர் அதைக் காட்டினால் வேறு அட்டை கேளுங்கள். காலேஜ் அடையாள அட்டையை வயசுச் சான்றாக எடுக்காதீர்கள். போன் கேலரியில் இருக்கும் படத்தையும் ஏற்காதீர்கள், தேதியைத் திருத்துவது ஒரு நிமிஷ வேலை. டிஜிலாக்கரை உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாத் தப்பும் கலந்த மேஜையில்தான் நடக்கிறது. 650 மில்லி பீர் இரண்டு, நாலு கிளாஸ் என்று ஆர்டர் வரும். வெயிட்டர் நாலையும் வைத்துவிட்டுப் போவான். அங்கேயே கேஸ் முடிந்தது. பெரியவர் எத்தனை பேரோ அத்தனை கிளாஸ்தான் மேஜைக்குப் போகணும், பிட்சர் போகவே கூடாது. பாட்டிலை வைக்காமல் கிளாஸில் ஊற்றிக் கொடுங்கள். சின்னவர்களுக்கு ஜூஸ் வேறு வடிவக் கிளாஸில் போகட்டும், தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும். ஆர்டர் சீட்டில் 'பெரியவர் 2, சிறார் 2' என்று எழுதுங்கள்.

மறுத்ததற்கு ஒரு நோட்டு போடுங்கள்: நேரம், மேஜை எண், காரணம், வெயிட்டர் கையெழுத்து. விசாரணையில் "பெரிய ஆளாத் தெரிஞ்சான்" என்பது எடுபடாது. அட்டையே கேட்காதவர் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வார்? அந்த நோட்டு தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால் பேசும்.

ரூம் சர்வீஸையும் விடாதீர்கள். செக்-இன்னில் வாங்கும் அட்டையில் வயசு குறைவு என்று தெரிந்தால் அந்த அறை எண்ணுக்கு மது பில் விழாதபடி சாஃப்ட்வேரில் பூட்டுங்கள், மினிபார் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கோத்தகிரி அக்கா:
இது ஹோட்டல் பார் பக்கம் சரி. டாஸ்மாக் கடையை ஒட்டின பாரில் பள்ளிக்கூடப் பையன் உட்கார்ந்திருந்தால் யாரைக் கேட்பது? கடைக்காரர் பாரைக் கைகாட்டுகிறார், பார்காரர் கடையைக் கைகாட்டுகிறார்.

உதகை வக்கீல்:
அக்கா, டாஸ்மாக் பாரை டெண்டர் எடுத்தவருக்குத் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான் உரிமை. மது விற்க அவருக்கு அதிகாரமே இல்லை. கவுண்டரில் பையனுக்குக் கொடுத்திருந்தால் விற்பனையாளர் பொறுப்பு. பாரில் வைத்து ஊற்றிக்கொடுத்திருந்தால் பார் நடத்துபவர் மேல் பிரிவு 77 வரும். பாட்டிலை அவரே விற்றிருந்தால் மதுவிலக்குச் சட்டப்படி சட்டவிரோத விற்பனையும் சேரும். நீலகிரியில் 2022-இலிருந்து பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். அதற்காக ஒட்டும் ஸ்டிக்கரோடு பாட்டிலைப் பத்திரப்படுத்துங்கள், எந்தக் கடைச் சரக்கு என்று விசாரிக்க உதவும்.

புகாரில் ஒரு சிக்கல் உண்டு. சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனையுள்ள சிறார் நீதிச் சட்டக் குற்றங்கள் ஜாமீனில் விடத்தகாதவை, ஆனால் போலீஸ் தானாகக் கையிலெடுக்க முடியாதவை. 77-ஐ மட்டும் சொன்னால் ஸ்டேஷனில் மாஜிஸ்திரேட் உத்தரவு கேட்பார்கள் (பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 174). நடந்ததில் போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய வேறு குற்றம் ஒன்றாவது இருந்தால் மொத்த வழக்கையும் அப்படியே எடுக்கலாம், அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. ஆகவே லைசென்ஸ் இல்லாத விற்பனையோ நேரம் கடந்த விற்பனையோ நடந்திருந்தால் புகாரில் முதலிலேயே எழுதுங்கள். லைசென்ஸ் நடவடிக்கைக்குத் தனி மனு, உதவி ஆணையர் (கலால்) அலுவலகத்துக்கு. மதுவிலக்குப் பிரிவு எண் 10581, குழந்தை ஆபத்தில் என்றால் 1098.

பேரட்டி:
உடனடியாகச் செய்ய வேண்டியது: பையன் குடித்துவிட்டது தெரிந்ததும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். மது உள்ளே போனால் தோல் சூடாகத் தெரியும், ஆனால் உடம்புச் சூடு வேகமாக இறங்கும். ஊட்டிக் குளிரில் காருக்குள் தூங்க விடுவது உயிருக்கே ஆபத்து. எழுப்பியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சாவியை வாங்கி வையுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி ரோட்டில் யாரும் அந்த நிலையில் இறங்கக் கூடாது. 18 ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-இல் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

உதகை வக்கீல்:
பெற்றோர் தரப்புக்கு: ரத்தத்தில் மது மணிக்கு சுமார் 15 மில்லிகிராம் வீதம் (100 மில்லி ரத்தத்தில்) இறங்கிக்கொண்டே போகும், காலையில் பார்க்கலாம் என்று விட்டால் ஒன்றும் மிஞ்சாது. அன்று ராத்திரியே அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்குமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். சிசிடிவி பதிவு சில நாளில் மேலெழுதப்பட்டுவிடும். பாதுகாத்து வைக்கும்படி பார் நிர்வாகத்துக்கு மறுநாளே எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதிவைக் கோர்ட்டில் கொடுக்க சாட்சியச் சட்டம் (2023) பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். பையன் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74-படி அடையாளம் வெளியிடுவதே தனிக் குற்றம்.

பர்லியார்:
நன்றி வக்கீல் சார், பேரட்டி அண்ணா. ஒரே ஒரு கேள்வி: சிசிடிவி கடிகாரம் பில் மெஷினைவிட ஏழெட்டு நிமிஷம் பின்னால் ஓடுகிறது, பரவாயில்லையா?

பேரட்டி:
இன்றைக்கே ஒன்றாக்குங்கள் தம்பி. மறுத்த நோட்டு, பில், கேமரா மூன்றும் ஒரே நேரம் காட்டினால்தான் உங்கள் பையன்கள் சொல்வது நிற்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் நகர்ந்தால் டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அதையும் மாற்றுங்கள்.