இன்சுலேஷன் எச்சரிக்கை: பேட்டரி பேக்கையே மாற்ற வேண்டுமா?

வேளச்சேரிவாசி:
எங்கள் மின்சாரக் காருக்கு மூன்று வயது. 320 வோல்ட், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. மழையில் தெருவில் தேங்கிய தண்ணீரைக் கடந்து போனோம், பாதிச் சக்கரம் முழுகியிருக்கும். சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஓடும்போதே ஹை வோல்டேஜ் பழுது என்று எச்சரிக்கை வருகிறது, அணைத்துப் போட்டால் சில நேரம் போய்விடுகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரில் பி0ஏஏ6 என்ற பழுதுக் கோடும் (பழுதைக் குறிக்கும் குறியீடு), யு-வில் தொடங்கும் சில கோடுகளும் இருக்கின்றன, தண்ணீர் புகுந்துவிட்டது, பேக்கை மாற்ற வேண்டும் என்கிறார்கள். வெள்ளம் என்பதால் வாரண்டியும் இல்லையாம். பேக்கை இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. வேறு எதையெல்லாம் சோதிக்கச் சொல்லலாம்?

ஓஎம்ஆர் ஓட்டுநர்:
12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள் சார். எங்கள் கால் டாக்ஸி வண்டியிலும் திரை முழுக்க எச்சரிக்கை வந்தது. சின்ன பேட்டரியை மாற்றியதும் எல்லாம் போய்விட்டது.

கோவை மின்வண்டிப் பட்டறை:
சார், பேக்கை மாற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். அந்தப் பழுதுக் கோடுகளை அழிக்கவும் விடாதீர்கள். கோடு விழுந்த நேரத்தில் வேகம் என்ன, சார்ஜ் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பதெல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேமில் பதிவாகியிருக்கும். அழித்தால் அந்தத் துப்பு போய்விடும். முதலில் அதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

12 வோல்ட் பற்றி மேலே நண்பர் சொன்னது சரி. கான்டாக்டர்களை (பேக்கை ஹை வோல்டேஜ் லைனோடு இணைக்கும் சுவிட்சுகள்) இழுப்பதும், பேக்கைக் கண்காணிக்கும் பிஎம்எஸ்ஸை இயக்குவதும் அந்தச் சின்ன பேட்டரிதான். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்கு மேலும், வண்டி ஓடத் தயாரான ரெடி நிலையில் பொதுவாக 13.5 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். யு கோடுகள் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் தகவல் தொடர்பு அறுந்ததைச் சொல்பவை, சின்ன பேட்டரி பலவீனமானதால் அவை வந்திருக்கலாம். பி0ஏஏ6 அப்படியல்ல. ஹை வோல்டேஜ் லைனுக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே இன்சுலேஷன் (மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு) குறைந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். எந்த இடத்தில் என்று அந்தக் கோடு மட்டும் சொல்லாது. ஒரே லைனில் பேக், இன்வெர்ட்டர், மோட்டார், சார்ஜர், ஹீட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாமே தொங்குகின்றன.

ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இன்சுலேஷன் மதிப்பு வருகிறதா என்று கேளுங்கள். மின்சார வண்டிகளின் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் ஆர்100 விதிப்படி, மாறுதிசை, நேர்திசை மின்சாரம் இரண்டும் சேர்ந்த லைனில் வழக்கமான எல்லை வோல்ட்டுக்கு 500 ஓம். 320 வோல்ட்டுக்கு 1,60,000 ஓம். கான்டாக்டர் மூடும் முன்பே மதிப்பு கீழே இருந்தால் சந்தேகம் பேக் பக்கம். மூடிய பிறகு விழுந்தால் வெளியே. சார்ஜ் போடும்போது மட்டும் விழுந்தால் சார்ஜரும் சார்ஜிங் சாக்கெட்டும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, பேக்கின் அடியில் நசுங்கல், ஆரஞ்சு கனெக்டர்களில் பச்சை பூத்திருப்பது, கூலன்ட் அளவு இறங்கியிருப்பது இவற்றையும் பார்க்க வேண்டும்.

ஆரஞ்சு கேபிள் எதையும் நீங்கள் தொடாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள்கூட ஹை வோல்டேஜைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்து, 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைப்பார்கள். பேக்கிலிருந்து சீறும் சத்தமோ ரசாயன வாடையோ வந்தால் சோதனையே வேண்டாம். வண்டியைத் திறந்த வெளியில் விட்டுவிட்டு, எல்லோரும் தள்ளிப்போய் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

ஒரு கேள்வி. ஏசி போடாமல் ஓட்டும்போதும் எச்சரிக்கை வருகிறதா? ஏசியில் சமீபத்தில் ஏதாவது வேலை நடந்ததா?

வேளச்சேரிவாசி:
நன்றி சார். நேற்று ஏசி இல்லாமல் தாம்பரம் வரை போய் வந்தோம், எச்சரிக்கை வரவில்லை. திரும்பி வந்து ஏசி போட்டதும் சற்று நேரத்தில் வந்துவிட்டது. மழைக்கு முன்னால் வீட்டுப் பக்கத்துக் கடையில் கேஸ் நிரப்பி ஆயிலும் ஊற்றினார்கள்.

கோவை மின்வண்டிப் பட்டறை:
அப்படியானால் எனக்குச் சந்தேகம் அந்த ஆயில் மேல்தான். மின்சாரக் காரின் கம்ப்ரஸரில் மோட்டாரின் சுருள் கேஸும் ஆயிலும் ஓடும் இடத்திலேயே இருக்கிறது. அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ ஆயில்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஊற்றும் பிஏஜி ஆயில் சிறிதளவு கலந்தாலே இன்சுலேஷன் விழும். நிரப்பும் மெஷினின் குழாயில் மிச்சமிருந்த ஆயிலே போதும்.

சர்வீஸ் சென்டரில் லைனை அணைத்து, 60 வோல்ட் சோதனையும் முடிந்த பிறகு, கம்ப்ரஸர் கனெக்டரைக் கழற்றி கம்ப்ரஸர் பக்கம் மட்டும் மெகரால் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) அளக்கச் சொல்லுங்கள். பேக் இணைந்த லைனில் மெகர் வைக்கக் கூடாது, பிஎம்எஸ் கெட்டுவிடலாம். கனெக்டரைக் கழற்றினால் இன்டர்லாக் (கனெக்டர்கள் மாட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் பாதுகாப்புச் சுற்று) அறுந்து வண்டி ரெடிக்கு வராது. அதைப் புதுப் பழுதாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

கம்ப்ரஸர்தான் என்று உறுதியானால், அதை மாற்றுவதோடு குழாய்களில் கலந்த ஆயிலை எப்படி நீக்குவார்கள் என்றும் கேளுங்கள். கலந்த ஆயில் உள்ளே தங்கினால் புதுக் கம்ப்ரஸருக்கும் அதே கதிதான். கம்ப்ரஸர் நன்றாக இருந்தால் ஹீட்டர், சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்துவிட்டு, கடைசியில் பேக்குக்கு வரட்டும். அளந்த மதிப்புகளை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், வாரண்டி பேச அது தேவைப்படும். அவற்றை இங்கேயும் போடுங்கள், பார்க்கிறேன்.