எக்ஸ்ரே சரியாக இருக்கிறது. அம்மாவின் முழங்கால் ஜவ்வு விலகியிருக்குமா?

மோல்மீன் மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 54 வயது. மூன்று வாரங்களுக்கு முன்பு முற்றத்தில் குந்தி உட்கார்ந்து அரிசி களைந்துவிட்டு எழுந்தபோது, வலது முழங்காலின் பின்புறம் 'டக்'கென்று ஏதோ அறுந்ததுபோல் இருந்ததாம். அன்றிலிருந்து படி இறங்கினால் மூட்டின் உட்புறம் குத்துகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் குறையில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரங்கூனுக்கு அழைத்துச் சென்று எம்ஆர்ஐ எடுப்பது அவசியமா?

ரங்கூன் பிசியோ:
அவசியம்தான், சகோதரி. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. முழங்காலில் தொடை எலும்புக்கும் அதற்குக் கீழுள்ள முன்கால் எலும்புக்கும் நடுவே, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக, பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு இருக்கின்றன; இவற்றைத்தான் இங்கே ஜவ்வு என்கிறோம். அவற்றின் முன்முனையும் பின்முனையும் கீழ் எலும்பில் வேரூன்றியிருப்பதால்தான், உடல் எடை அழுத்தும்போது அவை பிதுங்காமல் நிற்கின்றன. உட்புறப் பிறையின் பின்வேர் அறுந்தால், ஒவ்வோர் அடிக்கும் அது எலும்பின் விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளப்படும். நடுவயதுப் பெண்களுக்குக் குந்தி எழும்போது இப்படி நேர்வது அதிகம். அந்த 'டக்' ஓசையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

மருத்துவர் இரு எலும்புகளும் சந்திக்கும் மூட்டுக் கோட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் திருகியபடியே நீட்டும் மக்மரே சோதனையும் செய்வார். ஆனால் வேர் அறுந்ததைக் கைச்சோதனை மட்டும் உறுதி செய்யாது. எம்ஆர்ஐயின் முன்பக்கத் தோற்றத்தில் ஜவ்வு விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் வந்திருந்தால், அது கணிசமான விலகல் என்று பொதுவாகக் கொள்வார்கள். படுத்த நிலையில் குறைவாகத் தெரியும் விலகல், நிற்கவைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டில் கூடுதலாகத் தெரிவதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் எலும்பின் மேற்பூச்சு விரைவில் தேய்ந்துவிடும் என்பதே என் கவலை.

பெகு இளைஞன்:
எனக்கு நேர்ந்தது வேறு வகை. சின்லோன் என்னும் பிரம்புப் பந்தாட்டம் ஆடும்போது கால் திருகியதும் முழங்கால் பூட்டிக்கொண்டது. பாயில் படுத்தால் முழங்காலுக்கு அடியில் என் முழுக்கையும் நுழையும் அளவு இடைவெளி; எவ்வளவு முயன்றும் நீட்ட முடியவில்லை. கிழிந்த ஜவ்வு வாளியின் கைப்பிடிபோல் புரண்டு மூட்டின் நடுவே சிக்கியிருந்ததை எம்ஆர்ஐ காட்டியது. தாமதிக்காமல் தைத்துவிட்டார்கள். மூட்டை இழுத்து நீட்டிவிடுகிறேன் என்று யார் வந்தாலும், தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

மோல்மீன் மகள்:
இருவருக்கும் நன்றி. அம்மாவால் காலை முழுவதும் நீட்ட முடிகிறது. அடுத்த வாரம் ரங்கூன் வருகிறோம்.

ரங்கூன் பிசியோ:
நல்லது. எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டு வாருங்கள். உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால், ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதுவரை அம்மா குந்த வேண்டாம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்தே அரிசி களையட்டும்.