70 டிகிரியில் ப்ளீச்சிங்: வெள்ளையும் வரலை, தண்ணியும் இழுக்கலை

சாயப்பட்டறை (திருப்பூர்):
வணக்கம்ங்க. விறகு விலை தாங்கலை. அதனால 98 டிகிரி பெராக்சைடு ப்ளீச்சிங்கை விட்டுட்டு, டிஏஇடி (குறைஞ்ச சூட்டுல பெராக்சைடை வெளுக்க வைக்கிற பவுடர்) போட்டு 70 டிகிரியில் ஓட்டிப் பார்க்கிறோம். 30ஸ் கார்டட் (சீவாத பருத்தி நூல்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின். லிட்டருக்கு 50% பெராக்சைடு 4 கிராம், டிஏஇடி 5, காஸ்டிக் 2, வெட்டிங் ஆயில், 45 நிமிஷம். துணி மஞ்சளாவே நிக்குது. சொட்டு விட்டா தண்ணி முத்து முத்தா உருளுது. பருத்திக் கொட்டைத்தோல் புள்ளியும் போகலை. டிஏஇடியைக் கூட்டலாமா?

லேப் மாஸ்டர்:
கூட்டாதீங்க. முதல்ல காஸ்டிக்கை நிறுத்துங்க. டிஏஇடியும் பெராக்சைடும் சேர்ந்து பெர்அசிட்டிக் அமிலமாகுது, 70-ல் வெளுக்கிறது அதுதான். அதுக்கு பிஎச் 7–8 வேணும். 11-ல் வச்சா துணியில வேலை செய்யுமுன்னே சிதைஞ்சிடும். பதிலுக்கு சோடியம் பைகார்பனேட் 4–5 கிராம் போடுங்க. குறைச்சா, வர்ற அமிலத்துல பிஎச் கீழே சரிஞ்சிடும். 5 கிராம் டிஏஇடிக்குக் கணக்குப்படி 3 கிராம் பெராக்சைடே போதும். உங்க 4 தாராளம். டிஏஇடி பச்சைத்தண்ணியில் லேசில் கரையாது, வெதுவெதுப்பா கரைச்சு விடுங்க.

சாயப்பட்டறை (திருப்பூர்):
பைகார்பனேட்டுல ஆரம்பத்துல 8.3, முடிவுல 7 காட்டுது. வெள்ளை நல்லாவே ஏறிடுச்சு மாஸ்டர். ஆனா தண்ணி இன்னும் இழுக்கலை.

ஈரோட்டுக்காரன்:
அது ப்ளீச்சிங் கோளாறு இல்லீங்க. காஸ்டிக்கை எடுத்ததோட ஸ்கவரிங்கும் (பருத்தியோட மெழுகு, அழுக்கை எடுக்கிற வேலை) போச்சு. முன்னாடி பெக்டினேஸ் என்சைம் 55–60 டிகிரியில் கொடுங்க. மெழுகைப் பிடிச்சு வச்சிருக்கிற பசையான பெக்டின் விட்டாத்தான் மெழுகு கழலும். அதுக்கப்புறம் சோப்பு போட்டு 80-ல் ஒரு சூடான வாஷ்.

சாயப்பட்டறை (திருப்பூர்):
80-க்குப் போனா மிச்சம் எங்கேண்ணா?

ஈரோட்டுக்காரன்:
பத்து நிமிஷ வாஷும் 98-ல் ஒரு மணி நேரம் நிறுத்துறதும் ஒண்ணா? காஸ்டிக் இல்லாததால நியூட்ரல் பண்ற வேலையும் ஒண்ணு ரெண்டு வாஷும் குறையும். கழிவுத்தண்ணி ஒரு சொட்டும் வெளியே விடாத நம்ம ஊர்ல, குறையுற ஒவ்வொரு வாஷும் அதைச் சுத்திகரிக்கிற ஆர்ஓவுக்கும் எவாப்பரேட்டருக்கும் போற செலவுல மிச்சம்தான். கொட்டைத்தோலுக்கு மட்டும் இதுல வழியில்லை. கோம்ப்டு (சீவிச் சுத்தம் பண்ணின) நூல் எடுங்க, இல்லேன்னா நேவி, பிளாக்குக்கு மட்டும் ஓட்டுங்க.

லேப் மாஸ்டர்:
ஒண்ணு விட்டுட்டேன். கடைசியில போடுற கேட்டலேஸ் என்சைம் மிச்ச பெராக்சைடை எடுக்கும், மிச்ச பெர்அசிட்டிக்கை எடுக்காது. நல்லா அலசி, மிச்சம் இருக்கான்னு டெஸ்ட் ஸ்ட்ரிப் வச்சுப் பார்த்துட்டு ரியாக்டிவ் சாயம் விடுங்க.

சாயப்பட்டறை (திருப்பூர்):
சரிங்க. வெளிர் கலருக்குப் பழைய 98-தான், நேவிக்கு இது. ஒரே ஆர்டர்ல ரெண்டையும் கலந்தா ஷேட் மாறுமா?

லேப் மாஸ்டர்:
மாறும். அடி வெள்ளை வேற, உறிஞ்சுறது வேற. லாட்டைக் கலக்காதீங்க.